சவுத்தாம்ப்டனில் ஏறி நியூயார்க்கில் இறங்க: அட்லாண்டிக்கைக் கப்பலில் கடக்கப் போகும் புதியவர்களுக்கு

அட்லாண்டிக்கைக் கப்பலில் கடந்து வந்தேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "வழியில எந்தெந்த ஊர் பாத்தீங்க?" என்பதுதான். ஓர் ஊரும் இல்லை. இங்கிலாந்தின் தென்கரையை விட்டால் அடுத்து நியூயார்க். நடுவில் ஏழு இரவு, சுமார் 3,000 கடல் மைலுக்கு மேல் தண்ணீர். கரை கண்ணில் படாது, இன்னொரு கப்பல் தென்பட்டால் அதுவே பெரிய செய்தி.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. நான் பார்த்தவரை, இந்தப் பயணத்தில் ஏமாற்றம் அடைகிறவர்கள் எல்லோரும் இதை உல்லாசச் சுற்றுலாக் கப்பல் என்று நினைத்துக்கொண்டு ஏறியவர்கள். தினம் ஒரு துறைமுகம், தினம் ஒரு கடைத்தெரு என்று எதிர்பார்த்தால் மூன்றாம் நாளே சலித்துப் போகும். கடலையும் நேரத்தையும் வேண்டி ஏறினால் ஏழு நாள் போதாது என்று தோன்றும். உங்களுக்கு எது வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு மீதி எல்லாம் ஏற்பாடுதான்.

எந்தக் கப்பல்

அட்லாண்டிக்கின் இரு கரைகளுக்கும் இடையே பயணிகளுக்காக ஒழுங்காகப் போய்வரும் கப்பல் இன்று ஒன்றே ஒன்றுதான்: குனார்டு நிறுவனத்தின் குயின் மேரி 2. பிரான்சின் செயின்ட் நசேரில் கட்டி, 2004 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. நீளம் 345 மீட்டர். வேறு சில கப்பல்களும் பருவம் மாறும்போது ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு இடம் மாறிப் போகும். அவற்றில் மலிவாகவும் இடம் கிடைக்கும். ஆனால் அவை சுற்றுலாவுக்குக் கட்டியவை.

வித்தியாசம் என்ன என்று கேட்பீர்கள். சுற்றுலாக் கப்பல் நல்ல வானிலையைத் தேடிப் போகலாம், புயல் என்றால் ஒரு துறைமுகத்தை விட்டுவிடலாம். லைனர் என்பது குறித்த நாளில் குறித்த கரைக்குப் போய்ச் சேர வேண்டியது. அதனால் இதன் உடல் ஆழமாக நீருக்குள் அமர்ந்திருக்கும், தகடு தடிமனாக இருக்கும். நம் கடற்கரை மீனவர்கள் அணியம் என்று சொல்வார்களே, அந்த முன்பகுதி நீண்டு கூர்ந்து அலையைப் பிளந்து போகும்படி அமைந்திருக்கும். உயிர்காப்புப் படகுகளையும் அலை எட்டாத உயரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். தேவைப்பட்டால் மணிக்கு 30 கடல் மைல் வேகம் வரை போகும். வழக்கமாக அவ்வளவு விரட்டுவதில்லை. முன்பு ஆறு இரவில் கடந்ததை இப்போது ஏழாக்கி நிதானமாக ஓட்டுகிறார்கள். எரிபொருள் மிச்சம், நமக்கும் ஒரு நாள் கூடுதல்.

இந்தப் பாதையின் வயதும் பெரிது. சாமுவேல் குனார்டு என்ற கனடாக்காரர் தபால் கொண்டுபோகும் ஒப்பந்தம் பெற்று, 1840 ஜூலை 4 அன்று பிரிட்டானியா என்ற துடுப்புச் சக்கர நீராவிக் கப்பலை லிவர்பூலிலிருந்து ஹாலிஃபாக்ஸ், பாஸ்டனுக்கு அனுப்பினார். பிறகு எத்தனையோ கப்பல்கள் வேகத்தில் போட்டி போட்டன. 1952இல் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற கப்பல் மூன்று நாள் பத்து மணி நாற்பது நிமிடத்தில் கடந்து காட்டியது. 1958இல் ஜெட் விமானங்கள் வந்தன, இந்தக் கதை ஏறக்குறைய முடிந்தது. மிஞ்சிய ஒரு கப்பலில்தான் நீங்கள் ஏறப்போகிறீர்கள்.

எந்தத் திசை, எந்த மாதம்

முதல் முறை போகிறவர்கள் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு, அதாவது மேற்கு நோக்கியே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணம் கடிகாரம்.

இரண்டு கரைக்கும் வழக்கமாக ஐந்து மணி நேர வித்தியாசம். விமானத்தில் போனால் அந்த ஐந்து மணியும் ஒரே அடியாகத் தலையில் விழும். கப்பலில் மேற்கே போகும்போது ஐந்து இரவுகளில் ஒவ்வொரு மணி நேரமாகக் கடிகாரத்தைப் பின்னால் வைப்பார்கள். இரவு படுக்கப் போகுமுன் கேபினில் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் படுத்தால், மறுநாள் உங்கள் கையில் 25 மணி நேரம். ஒரு நாள் அல்ல, ஐந்து நாள் இப்படி. விடியற்காலை ஐந்தரைக்கு நாமாகவே விழித்துக்கொண்டு, உடம்பில் எந்தக் களைப்பும் இல்லாமல், ஆளில்லாத மேல்தளத்தில் காபிக் கோப்பையுடன் நிற்கும் சுகம் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. நியூயார்க்கில் இறங்கும்போது உடம்பும் நியூயார்க் நேரத்தில் இருக்கும்.

கிழக்கு நோக்கி வரும்போது இது தலைகீழ். நாளுக்கு 23 மணி நேரம்தான். கடிகாரத்தை நடுப்பகலில் முன்னே தள்ளுவார்கள், பன்னிரண்டு மணி அடித்ததும் ஒன்று. காலைச் சிற்றுண்டி முடித்து ஒரு புத்தகத்தைத் திறப்பதற்குள் சாப்பாட்டு வேளை வந்துவிடும். அதுவும் நல்ல பயணம்தான், ஆனால் முதல் முறைக்கு அல்ல.

மாதத்துக்கு வருவோம். ஜனவரியிலிருந்து வசந்தம் வரை இந்தக் கப்பல் பெரும்பாலும் உலகப் பயணத்தில் இருக்கும். அதன் பிறகு டிசம்பர் வரை அட்லாண்டிக்கில் போய்வரும். மே முதல் ஆகஸ்டு வரை கடல் ஒப்பீட்டளவில் அமைதி. செப்டம்பர், அக்டோபரில் தெற்கே உருவாகும் சூறாவளிகளின் நெடிய அலைகள் தொலைவிலிருந்தே வந்து அசைக்கலாம். நவம்பர், டிசம்பர் முரட்டு மாதங்கள். அதை விரும்பியே ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். ஜூனில் ஒரு விஷயம்: வளைகுடா நீரோட்டத்தின் மேல் வரும் வெதுவெதுப்பான காற்று நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே லாப்ரடார் குளிர் நீரோட்டத்தின் மேல் படும்போது பனிமூட்டம் திரளும். எங்களுக்கு ஒரு முழுப் பகல் அப்படிப் போனது. கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் வெள்ளைத் திரை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கப்பலின் ஊதல் நீளமாக ஒலிக்கும், அது பனிமூட்டத்தில் கட்டாய விதி. கப்பலில் உள்ள ஊதல்களில் ஒன்று, 1936இல் ஓடத் தொடங்கிய பழைய குயின் மேரியுடையது. அந்த அடிக்குரல் காதில் விழுவதற்கு முன்பே நெஞ்சுக்கூட்டில் அதிரும். பயப்பட ஒன்றுமில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு போய்க் கேளுங்கள்.

கேபினைத் தேர்ந்தெடுப்பது

உள்ளறை, சன்னல் அறை, பால்கனி அறை, கிரில் எனப்படும் உயர்வகை அறைகள் என்று விலைக்கேற்ப ஏறிப்போகும். அறையின் வகையைப் பொறுத்தே நீங்கள் சாப்பிடும் உணவகமும் அமையும். பெரும்பாலானவர்களுக்குப் பிரிட்டானியா உணவகம். மற்றபடி நூலகம், நாடக அரங்கு, நடன மண்டபம் எல்லாம் எல்லோருக்கும் பொது.

பணத்தைவிட இடத்தைப் பாருங்கள். கப்பல் இரண்டு விதமாக ஆடும். பக்கவாட்டில் உருள்வதை, நீருக்கடியில் துடுப்பு போல நீளும் நிலைப்படுத்திகள் பெருமளவு அடக்கிவிடும். முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அவற்றால் தடுக்க முடியாது. சீசாப் பலகையில் நடுவில் உட்கார்ந்தவனுக்கு ஆட்டம் தெரியாது, நுனியில் இருப்பவன்தான் தூக்கியடிக்கப்படுவான். அதனால் வயிறு பலவீனமானவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், முடிந்த அளவு கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். பின்பகுதியில் உந்துவிசையின் அதிர்வும் சற்றுத் தெரியும்.

பால்கனி தேவையா? மத்தியதரைக் கடலில் என்றால் ஆமாம் என்பேன். இங்கே, காற்றும் குளிரும் பாதி நாள் உங்களை உள்ளேயே வைத்திருக்கும். பால்கனி வேண்டுமென்றே ஆசை இருந்தால், கப்பலின் உடற்சுவரைக் குடைந்து அமைத்த மறைப்புள்ள பால்கனிகள் உண்டு. சாரல் படாது, காற்று அடிக்காது. ஆனால் உட்கார்ந்தால் முன்னால் இரும்புச் சுவர் மறைக்கும், நின்றால்தான் கடல். எட்டாம் தளத்தில் சில அறைகளின் முன் உயிர்காப்புப் படகுகள் பார்வையை மறைக்கும். அவை விலை குறைவு, தெரிந்தே எடுத்தால் தவறில்லை. மேற்கே போகும்போது இடதுபுற அறைகள் தெற்கு பார்த்தவை, வெயில் வரும். தனியாகப் போகிறவர்கள் இரட்டை அறை எடுத்தால் ஏறக்குறைய இரண்டு பேர் கட்டணமும் தலையில் விழும். ஒற்றை அறைகள் 15தான் இருக்கின்றன, வெகு சீக்கிரம் போய்விடும்.

அதைவிடச் சீக்கிரம் போவது நாய்க் கூடங்கள். மொத்தம் 24. வீடு மாற்றிப் போகிறவர்கள் நாயையும் பூனையையும் விமானச் சரக்கறையில் போட மனமில்லாமல் இதற்காகவே ஏறுகிறார்கள். மேல்தளத்தில் அவற்றுக்காக லிவர்பூல் தெருவிளக்குக் கம்பம் ஒன்றும் நியூயார்க் தீயணைப்புக் குழாய் ஒன்றும் நட்டு வைத்திருக்கிறார்கள். செல்லத்தோடு போக எண்ணம் இருந்தால் முதலில் கூடத்தைப் பதிவு செய்யுங்கள், அப்புறம்தான் உங்கள் அறை.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கும் கர்ப்ப காலத்தின் பிற்பகுதியில் இருப்பவர்களுக்கும் இந்தப் பயணத்தில் அனுமதி இல்லை. நடுக்கடலில் ஹெலிகாப்டர் எட்டாத தூரத்தில் இரண்டு மூன்று நாள் இருக்கப்போகிறோம் என்பதே காரணம்.

காகிதங்கள்

கப்பல்தானே என்று யாரும் தளர்வாகப் பார்க்க மாட்டார்கள். இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குப் பிரிட்டன் விசாவும் வேண்டும், அமெரிக்கப் பயணி விசாவும் வேண்டும். இரண்டும் கையில் இல்லாமல் கப்பலுக்குப் பணம் முழுவதையும் கட்டாதீர்கள். அமெரிக்க விசா நேர்காணலுக்கு எவ்வளவு காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதைப் பார்த்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத் தேதியை முடிவு செய்யுங்கள். பிரிட்டன் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு அமெரிக்க விசா தேவையில்லை, ஆனால் எஸ்டா எனப்படும் அமெரிக்க மின்னணுப் பயண அனுமதியை முன்கூட்டியே இணையத்தில் வாங்கியிருக்க வேண்டும். துறைமுகத்தில் சரிபார்ப்பார்கள், இல்லாவிட்டால் ஏற்ற மாட்டார்கள்.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் போகாதீர்கள். கப்பலில் மருத்துவரும் சிறு மருத்துவமனையும் உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் கட்டணம், அதுவும் டாலரில். காப்பீட்டை வாங்கும்போது கடல் பயணம் அதில் அடங்குமா, கடலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகும் செலவு அடங்குமா என்ற இரண்டையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். தினம் சாப்பிடும் மாத்திரைகளைப் பயண நாளைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், மருத்துவச் சீட்டோடு. கப்பலில் மருந்துக்கடை கிடையாது.

பெட்டியில் என்ன

விமானத்தில் போல ஒவ்வொரு கிலோவுக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் திரும்பி வருவது விமானத்தில் என்றால் அதன் கணக்குத்தான் உங்கள் கணக்கு. அதை மறந்து அள்ளிக்கொண்டு போகிறவர்கள் அதிகம்.

மாலை ஆறு மணிக்கு மேல் உடை விதி உண்டு. ஆண்கள் கோட்டு போட்டுக்கொள்வது வழக்கம். அதற்கு மேல், ஒரு பயணத்தில் இரண்டு மூன்று இரவுகள் காலா இரவு என்று அறிவிப்பார்கள். அன்று ஆண்களுக்குக் கறுப்புச் சூட்டும் டையும், பெண்களுக்கு மாலை விருந்து உடையும். அவரவர் நாட்டின் விருந்து உடையும் ஏற்கப்படும். பட்டுப் புடவை இதற்கென்றே நெய்தது போலப் பொருந்தும். என் மனைவி அரக்கு நிறக் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு வந்த இரவு, எங்கள் மேசையில் இருந்த ஒரு வயதான ஆங்கிலேய அம்மாள் முந்தானையின் சரிகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது எப்படி நெய்வது என்று சாப்பாடு முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். புடவையின் நீளத்தையும் தறியின் அமைப்பையும் என் மனைவி மேசை விரிப்பில் விரலால் வரைந்து காட்டினாள். அதனால் புதிதாக விலையுயர்ந்த கவுன் வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கும் நல்ல புடவை இரண்டு போதும். உடுத்திக்கொள்ளவே விருப்பமில்லாத இரவில், சாதாரண உடையோடு சாப்பிடவும் கப்பலில் சில இடங்கள் உண்டு, பசியோடு இருக்க மாட்டீர்கள்.

ஜூலையாக இருந்தாலும் காற்றைத் தடுக்கும் மேல்சட்டையும் காதை மூடும் குல்லாவும் கட்டாயம். கப்பல் மணிக்கு 40 கிலோமீட்டர் அளவில் போகும், மேற்கிலிருந்து வரும் காற்றும் எதிரே அடிக்கும், இரண்டும் சேர்ந்து முகத்தில் மோதும். பிடிப்புள்ள ரப்பர் அடி செருப்பு அல்லது காலணி வேண்டும், ஈரத்தளம் வழுக்கும். இஸ்திரிப் பெட்டியும் வெந்நீர் போடும் மின்கெட்டிலும் கொண்டுபோகாதீர்கள், தீ அபாயத்துக்காகப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். துணி துவைக்கவும் இஸ்திரி போடவும் பயணிகளுக்கென்று இலவச அறைகள் இருக்கின்றன. கப்பலில் நல்ல பேச்சு நடக்கும் இடங்களில் அதுவும் ஒன்று, எத்தனையோ பயணங்கள் போனவர்களின் யோசனைகள் அங்கேதான் கிடைக்கும்.

ஏறும் நாள்

முந்தின நாளே சவுத்தாம்ப்டன் போய்த் தங்குங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன். சுற்றுலாக் கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்தில் போய்ப் பிடிக்கலாம். இந்தக் கப்பலுக்கு அடுத்த துறைமுகம் நியூயார்க். லண்டன் வாட்டர்லூவிலிருந்து ரயிலில் ஒன்றேகால் ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் அன்று பார்த்துத் தண்டவாளத்தில் கோளாறு வந்தால்? நாங்கள் போன நாளில் ஒரு ரயில் ரத்தாகி அடுத்ததில் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். முந்தின நாள் என்பதால் வருத்தமில்லை. மாலையில் ஊரின் பழைய கோட்டைச் சுவரை ஒட்டி நடந்தோம். டைட்டானிக் 1912 ஏப்ரல் 10 அன்று புறப்பட்ட ஊர் இது. கடைசிவரை இயந்திரங்களை விட்டு நகராமல் மூழ்கிய பொறியாளர்களுக்குப் பூங்கா ஓரத்தில் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. ஏறுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

துறைமுகத்தில் பல முனையங்கள் உண்டு. உங்கள் சீட்டில் எந்த முனையம் என்று போட்டிருப்பதைப் பார்த்தே டாக்சிக்காரரிடம் சொல்லுங்கள். பெரிய பெட்டிகளில் அறை எண் அட்டையைக் கட்டிவிட்டால் வாசலில் வாங்கிக்கொள்வார்கள், மாலைக்குள் உங்கள் அறைக் கதவருகே வந்துவிடும். மாத்திரை, கடவுச்சீட்டு, கண்ணாடி, ஒரு மாற்றுடை, இவை எப்போதும் கைப்பையில்.

புறப்படும் முன் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். ஏழு குறு ஊதல், ஒரு நெடு ஊதல் என்றால் அவசரக் கூடல். எந்த இடத்தில் கூட வேண்டும் என்பது அறைக்குள்ளேயே எழுதியிருக்கும். அந்த இடத்துக்கு ஒரு தடவை உங்கள் காலாலேயே நடந்து பாருங்கள். கப்பல் அவ்வளவு பெரியது, முதல் இரண்டு நாள் எல்லோரும் வழி தவறுவார்கள்.

முதல் மாலையிலேயே செய்ய வேண்டியவை மூன்று. கைபேசியை விமான நிலைக்கு மாற்றுங்கள். கடலில் கப்பலின் சொந்த அலைவரிசையைப் பிடித்துக்கொண்டால் கட்டணம் தாளாது. அடுத்து உணவகத்துக்குப் போய் மேசையைப் பாருங்கள். இரண்டு பேர் மேசை வேண்டாம், ஆறு அல்லது எட்டுப் பேர் மேசையைக் கேளுங்கள். ஏழு நாளும் பேச ஆள் கிடைப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் மறுநாளே மாற்றித் தருவார்கள், கூச்சப்பட வேண்டாம். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுதியிருக்க வேண்டும், அன்று மேசைப் பணியாளரிடம் மறுபடி நேரில் சொல்லுங்கள். முட்டை சேராது, மீன் சாறு சேராது என்று உடைத்துச் சொல்வது நல்லது. அங்கே சைவம் என்ற சொல்லுக்குள் முட்டை அடங்கும். முதல் இரவே மறுநாள் என்ன வேண்டும் என்று கேட்டு வைத்தால் பருப்பும் காரக் குழம்பும் போல ஏதாவது செய்து தருகிறார்கள். கையில் கொஞ்சம் பருப்புப் பொடி இருந்தால் எதையும் சமாளிக்கலாம்.

மூன்றாவது, கணக்கு. கப்பலுக்குள் காசு கிடையாது, அறை அட்டைதான், எல்லாம் டாலரில் ஏறும். ஒவ்வொருவர் பெயரிலும் தினப்படி ஊழியர் தொகை ஒன்று தானாகவே சேரும். மதுவுக்கும் அழகு நிலையத்துக்கும் தனி. இரண்டு நாளுக்கு ஒரு முறை கணக்கைப் பாருங்கள்.

வயிறு

இதைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் பயப்படுகிறார்கள். இந்தக் கப்பலில் கோடைக்காலத்தில் பலர் ஒன்றும் உணர்வதில்லை. ஆனாலும் தயாராக இருங்கள். மாத்திரை என்பது வாந்தி வந்த பிறகு போடுவதல்ல, வருவதற்கு முன்பே போடுவது. நம் ஊர்ப் பேருந்துப் பயணத்துக்குப் போடும் அவோமின் போன்றவை தூக்கம் வரவைக்கும். வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே எடுத்துக்கொள்ளுங்கள். இஞ்சி மரப்பா ஒரு பொட்டலம் கொண்டுபோனேன், மேசையில் இருந்த எல்லோரும் வாங்கித் தின்றார்கள்.

குமட்டத் தொடங்கினால் அறைக்குள் படுத்துக்கொண்டு புத்தகம் படிக்காதீர்கள். வெளியே நடுத்தளத்துக்கு வந்து அடிவானத்தையே பாருங்கள். வெறும் வயிறும் கூடாது, முட்ட முட்டச் சாப்பிடுவதும் கூடாது. உலர்ந்த பிஸ்கட்டும் பச்சை ஆப்பிளும் கப்பல்காரர்களின் பழைய வைத்தியம். காற்று பலமான இரவில் அலமாரிக்குள் துணித் தொங்கிகள் ஒன்றோடொன்று தட்டி டிக் டிக்கென்று தூங்கவிடாது. ஒரு துண்டை இடையில் செருகிவிடுங்கள். மேசையில் கண்ணாடி தம்ளரை விட்டுப் படுக்காதீர்கள். நடக்கும்போது ஒரு கை கப்பலுக்கு என்பார்கள், அதாவது ஒரு கை எப்போதும் கைப்பிடியில்.

ஏழு நாளை என்ன செய்வது

நாள்தோறும் நிகழ்ச்சித் தாள் அறைக்கு வரும். சொற்பொழிவு, நடன வகுப்பு, கோளரங்கு, இசை, சீட்டாட்டம் என்று நிமிடத்துக்கு நிமிடம் ஏதாவது இருக்கும். முதல் இரண்டு நாள் நானும் பேனாவால் கோடு போட்டு ஓடினேன். மூன்றாம் நாள் நிறுத்தினேன். ஒரு நாளைக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

விடக்கூடாதவை என்று சிலவற்றைச் சொல்வேன். எட்டாம் தளத்தின் முன்பகுதியில் உள்ள நூலகம், கடலில் மிதக்கும் நூலகங்களிலேயே பெரியவற்றில் ஒன்று. அங்கே சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால் கப்பல் போகும் திசை முழுவதும் கண் முன்னே. முன்பகுதி என்பதால் ஏற்ற இறக்கம் தெரியும், காற்று நாளில் வயிறு சரியில்லாதவர்கள் தவிர்க்கலாம். மாலை மூன்றரைக்கு நடன மண்டபத்தில் தேநீர், வெள்ளைக் கையுறை போட்ட பணியாளர்கள் வரிசையாக வருவார்கள். மேல்தளத்தில், மாலுமிகள் கப்பலைச் செலுத்தும் மேடையைக் கண்ணாடி வழியே பார்க்க ஒரு சிறு இடம் உண்டு. முன்தளத்தில் உலோகச் சிற்பங்கள் போல வளைந்து கிடப்பவை மாற்று உந்திகளின் இறக்கைகள்.

நடுப்பகலில் ஊதல் ஒலிக்கும். ஒலிபெருக்கியில் கேப்டன் பேசுவார்: கப்பல் எங்கே இருக்கிறது, அடியில் எவ்வளவு ஆழம், காற்று எப்படி, அருகிலுள்ள கரை எவ்வளவு தூரம். சாப்பாட்டு மண்டபமே கையை நிறுத்திக் கேட்கும். நான் ஒரு சிறு நோட்டில் தினமும் அந்த எண்களைக் குறித்துக்கொண்டேன். ஒரு வரைபடம் எடுத்துப் போனால் பிள்ளைகளோடு புள்ளி வைத்துக்கொண்டே வரலாம். சில பயணங்களில் டைட்டானிக் கிடக்கும் இடத்துக்கு அருகே பாதை செல்லும், கேப்டன் அறிவிப்பார். சுமார் 3,800 மீட்டர் ஆழம். அன்று மேல்தளத்தில் யாரும் அதிகம் பேசவில்லை.

ஏழாம் தளத்தில் கப்பலைச் சுற்றி மரத்தளம் ஓடுகிறது. மூன்று சுற்று வந்தால் ஒரு மைலைத் தாண்டும். காலையிலும் இரவு உணவுக்குப் பின்னும் நடங்கள். காற்று மிஞ்சினால் கதவைப் பூட்டிவிடுவார்கள். மேகமில்லாத இரவில் விளக்கு குறைந்த பக்கம் போய் அண்ணாந்து பாருங்கள். சுற்றிலும் பல நூறு மைலுக்கு ஒரு தெருவிளக்கு கிடையாது.

இறங்குவது

கடைசி இரவு பெரிய பெட்டிகளைக் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். மறுநாள் போடும் உடையை உள்ளே எடுத்து வைத்துவிட்டுப் பூட்டுங்கள். காலுறையையும் சேர்த்துப் பெட்டியில் அனுப்பிவிட்டு வெறும் காலோடு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்டிகளைத் தாமே இழுத்துக்கொண்டு போக முடிந்தவர்கள் முதலில் இறங்கலாம்.

அன்று காலை நான்கு மணிக்கு அலாரம் வையுங்கள். கிழக்கு வெளுக்கும் முன்பே கப்பல், நியூயார்க் துறைமுக வாயிலில் உள்ள வெராசானோ பாலத்தை நெருங்கும். 1964இல் திறந்த பாலம் அது. குயின் மேரி 2இன் புகைபோக்கியின் உயரத்தை அந்தப் பாலத்தை மனதில் வைத்தே தீர்மானித்தார்கள். மேல்தளத்தில் நின்று அண்ணாந்தால், விளக்கு வரிசையோடு பாலம் தலைக்கு மேல் வந்துகொண்டே இருக்கும், புகைபோக்கி இடித்துவிடும் என்றே கண்ணுக்குத் தோன்றும். பக்கத்தில் நிற்பவர்கள் தாமாகவே குனிகிறார்கள். அப்புறம் அது பின்னால் போய்விடும். உடனே இடதுபுறம் போய்விடுங்கள். சுதந்திர தேவி சிலை அந்தப் பக்கம்தான், முதலில் விளக்குப் புள்ளியாக, பிறகு பச்சை உருவமாக. கைப்பிடி ஓரத்தில் இடம் பிடிக்க நாலரைக்கே கூட்டம் சேர்ந்துவிடும்.

கப்பல் கட்டுவது மன்ஹாட்டனில் அல்ல, புரூக்ளினின் ரெட் ஹூக் முனையத்தில். குடிநுழைவுச் சோதனை கரையில் நடக்கும். பழம், இறைச்சி, விதை, பச்சைக் கறிவேப்பிலை எதுவும் கையில் இருக்கக் கூடாது. கறிவேப்பிலை எலுமிச்சை இனத்துக்கு நோய் கொண்டுவரும் பூச்சிக்கு உறைவிடம் என்பதால் அமெரிக்காவில் கண்டிப்பு அதிகம். பொடி, ஊறுகாய் என்று எது இருந்தாலும் சுங்க அதிகாரியிடம் உள்ளபடி சொல்லிவிடுங்கள். சொன்னால் அதிகபட்சம் ஒரு புட்டி போகும், மறைத்தால் அபராதம். வெளியே டாக்சி வரிசை நீளம். பெட்டி குறைவாக இருந்தால் அருகிலேயே மன்ஹாட்டனுக்குப் படகுச் சேவை உண்டு. அன்று மதியத்துக்குள் வேறு விமானம் பிடிக்கும்படி திட்டம் போடாதீர்கள். பனிமூட்டமோ வரிசையோ எதுவும் தாமதமாக்கலாம்.

அன்று இரவு தங்கும் இடத்தில் குளிக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் தரை மெல்ல ஏறி இறங்கும். எனக்கு இரண்டு நாள் இருந்தது, என் மனைவிக்கு மூன்று.